பத்துப் பள்ளிக்கு ஒரே மேடை: குறுவள மைய அளவில் பாராட்டு விழா நடத்தும் முறை

மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் போட்ட விழா நாலேகாலுக்குத் தொடங்கும். வரவேற்புரை, சால்வை, வாழ்த்துரை, மறுபடியும் சால்வை. பிள்ளைகள் ஆட வரும்போது இருட்டிவிடும். ஒப்பனையோடு தூங்கிப்போன ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பரிசுக்காக அந்தப் பிள்ளையின் பெயரை அதற்கப்புறம்தான் மைக்கில் கூப்பிடுவார்கள். தொடக்கப் பள்ளி விழாக்கள் பணம் இல்லாமல் கெடுவதைவிட நேரக் கணக்கு இல்லாமல் கெடுவதுதான் அதிகம்.

மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் எதை எடுத்தாலும், ஒரு குறுவள மையத்துக்குள் (அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்த தொகுப்பு) அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, ஈராசிரியர் பள்ளி எல்லாம் கலந்துதான் இருக்கும். பத்துப் பள்ளிகள், பள்ளிக்கு 30 பிள்ளைகள், அவர்களோடு ஆசிரியர்களும் பெற்றோரும் பணியாளர்களுமாக 200 பேர், ஆக 500 பேர் கூடும் விழாவுக்கான கணக்கு கீழே இருக்கிறது. எண்ணிக்கை மாறினால் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள்.

நாள், இடம்

குடியரசு தினம் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். பொங்கல் வாரத்தில் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் யாரும் கைக்குக் கிடைக்க மாட்டார்கள். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி ஊர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடும். மார்ச் வந்தால் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி வளாகங்கள் பொதுத்தேர்வு மையங்களாகிவிடும். அங்கே மைக் போட முடியாது. குறுவள மையம் இயங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வளாகத்தில்தான் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் உறைக்கும். பிப்ரவரியில் அங்கே செய்முறைத் தேர்வு நடக்கும் நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தை மாதம் முகூர்த்த மாதம். முகூர்த்த நாளில் சவுண்ட் செட், பாத்திரம், வேன் மூன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கட்டாது. காலண்டரில் முகூர்த்தம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். சனிக்கிழமை வசதியாகத் தோன்றும். ஆனால் வேலை நாள் என்றால் மதியச் சத்துணவைப் பிள்ளைகள் அவரவர் பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாம். 300 பேருக்கு உலை வைக்கும் வேலை மிச்சம். மறுநாள் விடுமுறை என்பதால் களைத்த பிள்ளைக்கு ஓய்வும் கிடைக்கும்.

நேரம்: பள்ளிகளின் காட்சி அரங்குகள் 1.45க்கு, மேடை 2.45க்கு, முடிவு 5 மணிக்கு. இருட்டுமுன் எல்லாரும் வீடு சேரலாம், மேடை விளக்குச் செலவும் இல்லை. பந்தலுக்குச் செலவழிக்குமுன் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மணிக்குமேல் நிழல் அந்தப் பக்கம்தான் விழும். மாடிக் கட்டடமாக இருந்தால் 300 பிள்ளைகளும் நிழலிலேயே உட்காரலாம். மேடையை வடக்கிலோ தெற்கிலோ போடுங்கள். கிழக்கு பார்த்த மேடைதான் மங்களம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிப் போட்டால் பார்க்கிற பிள்ளைகள் இரண்டு மணி நேரம் மேற்கு வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கடிதங்கள்

வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம், நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தொடக்கக் கல்வி). இடம் தரும் உயர்நிலைப் பள்ளி மாவட்டக் கல்வி அலுவலரின் (இடைநிலைக் கல்வி) கீழ் வருவதால் அந்தத் தலைமையாசிரியர் வழியாகத் தனிக் கடிதம். உசிலம்பட்டிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், பல ஒன்றியங்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இருக்கின்றன. இவை வேறு துறைகளின் கீழ் இயங்குபவை. கல்வி அலுவலரின் சுற்றறிக்கை போனாலே போதும் என்று இருந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் மட்டும் விழாவில் இல்லாமல் போவார்கள். அவர்களுக்கும் முறையாக எழுதுங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் வேண்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்குவதோடு விடாமல் வண்டி, தண்ணீர், வரிசை ஒழுங்கு ஆகிய மூன்று வேலைகளையும் பெயர் போட்டு அவர்களிடமே கொடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தேவை. பெட்டி ஸ்பீக்கர் மட்டும்தான், கூம்பு கூடாது.

யாரை, எதற்காக

ஆசிரியர்களில் ‘சிறந்தவர்’ யார் என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்கு மாநில அரசு செப்டம்பர் 5 அன்று தரும் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது இருக்கிறது. குறுவள மைய மேடையில் அதே போட்டியை வைத்தால் மிச்சம் ஒன்பது பள்ளியும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். பள்ளிக்கு ஒருவர், அவர் இந்த ஆண்டு செய்த ஒரே ஒரு காரியம், அதைச் சொல்லும் ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எழுத வேண்டியவர் கூட வேலை பார்க்கும் ஆசிரியர், தலைமையாசிரியர் அல்ல.

‘அர்ப்பணிப்போடு சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள். அதை யாருக்கும் படிக்கலாம், அதனால் யார் காதிலும் ஏறாது. ‘இரண்டாம் வகுப்பில் எட்டுப் பேரை அரும்பு நிலையிலிருந்து மொட்டு நிலைக்குக் கொண்டுவந்தார்’, ‘ஒடியா மட்டுமே பேசிய இரண்டு பிள்ளைகளைத் தமிழில் கதை சொல்ல வைத்தார்’ என்பது மாதிரி இருக்கட்டும். (அரும்பு, மொட்டு என்பவை, தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கற்றல் நிலைகள்.) ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை மட்டும் மேடையேற்றினால் திங்கட்கிழமை முதல் மற்றவரோடு அதே வராந்தாவில் உட்கார வேண்டியவர் அவர்தான். அங்கே இருவரையும் சேர்த்தே கூப்பிடுங்கள்.

அடுத்து, வழக்கமாக மறந்துபோகும் பட்டியல்: காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், தூய்மைப் பணியாளர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வரும் சிறப்பாசிரியர், வட்டார வள மையத்து இயன்முறை மருத்துவர், இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொல்லித்தந்த தன்னார்வலர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே மதுரை நெல்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில்தான். அந்த அடுப்பைப் பற்றவைத்த ஊரில் அடுப்படிப் பெண்களை மேடைக்குக் கீழே நிறுத்திவைப்பது நன்றாக இல்லை. அவர்களை நாற்காலி எடுத்துப் போடவும் டீ கொடுக்கவும் அனுப்பாமல், பள்ளிக்கு ஒருவர் என்று மேடைக்குக் கூப்பிடுங்கள்.

கொடை தந்தவர்களைச் சொல்லும்போது ‘தாராள உள்ளம் கொண்ட’ என்று அளக்காமல், என்ன தந்தார், எதற்காக என்று மட்டும் சொல்லுங்கள். கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவதற்கு ஆயி பூரணம் அம்மாள் தம் மகள் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலம் தந்தார். 2024 குடியரசு தினத்தில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். அவ்வளவு சொன்னாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு மின்விசிறி தந்தவருக்கும் அதே அளவில் ஒரு வரி போதும்.

பிள்ளைகள் பள்ளிக்கு ஆறு பேர், மொத்தம் 60. மதிப்பெண் வரிசை வேண்டாம். எண்ணும் எழுத்தும் நிலைகளில் ஏறி வந்தவர்களில் இருவர், வாசிப்பில் ஒருவர், ஓவியம் அல்லது விளையாட்டில் ஒருவர், வருகையில் ஒருவர், பிறருக்கு உதவுவதில் ஒருவர். வருகைப் பரிசில் ஒரு சிக்கல் இருக்கிறது. முழு வருகை என்று வைத்தால் அம்மை போட்டுப் பத்து நாள் படுத்த பிள்ளை போட்டியிலேயே இல்லை. அதோடு, காய்ச்சலோடு பள்ளிக்கு வரும் பிள்ளைதான் ஜெயிக்கும். போன ஆண்டைவிட யார் வருகை கூடியது என்று பதிவேட்டிலிருந்து பாருங்கள். கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் பெற்றோர் போய்வரும் வீட்டுப் பிள்ளைகள் அப்போதுதான் கண்ணில் படுவார்கள்.

மேடையில் அறிவிக்கும்போது பிள்ளை எங்கே இருந்தாள் என்று சொல்லாதீர்கள். எங்கே வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். ‘எழுத்தே தெரியாமல் இருந்த’ என்று ஆசிரியர் பாசத்தோடுதான் ஆரம்பிப்பார், ஊர் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். ‘கதைப் புத்தகத்தைத் தானே வாசிக்கிறாள்’ என்றால் போதும்.

சான்றிதழும் பரிசும்

எழுத்துப்பிழையில்லாத சான்றிதழ் அபூர்வம். பெயரை வகுப்பாசிரியர் நினைவிலிருந்து எழுதக் கூடாது. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் தமிழில் எழுத வேண்டும், தலைப்பெழுத்தும் தமிழில். கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்துத் தமிழாக்கினால் கண்ணன் கன்னனாகிவிடுவான். பட்டியலை டைப் செய்து டிடிபி கடைக்குக் கொடுத்தால், அங்கே பழைய ஃபாண்ட்டில் ஒட்டும்போது எழுத்து உடையும், கொம்பு இடம் மாறும். அதனால் அச்சுக்கு முன் பிடிஎஃப் வாங்கி, ஒவ்வொரு பள்ளியும் தன் ஆறு பெயரையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சடிக்கச் சொல்லுங்கள். 300 ஜிஎஸ்எம் அட்டை போதும். பெயர் போடாத சான்றிதழ் பத்து கூடுதலாக அடித்து வையுங்கள். நல்ல கையெழுத்துள்ள ஒருவரும் ஒரு கறுப்புப் பேனாவும் மேடைக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஷீல்டு வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பிளாஸ்டிக் கோப்பையின் தங்க முலாம் ஆடி மாதத்துக்குள் உரிந்துவிடும். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகமும் வண்ணப் பென்சில் பெட்டியும் வாங்கலாம். பெரியவர்களுக்குச் சால்வைக்குப் பதிலாகச் சின்னாளப்பட்டியிலும் மதுரையிலும் கிடைக்கும் சுங்குடி கொடுக்கலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சரக்கு, கட்டிக்கொள்ளவும் உதவும். சால்வை பீரோவுக்குத்தான் போகும். மாலை வேண்டவே வேண்டாம். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து மாட்டுத்தாவணியில் விலை ஏறிக் கிடக்கும் நேரம் அது.

திட்டங்களைக் காட்டுவது

எண்ணும் எழுத்தும், காலை உணவு, வாசிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். வராந்தாவில் பள்ளிக்கு ஒரு மேசை, இரண்டு சார்ட், இரண்டு பிள்ளைகள் போதும். அரங்கு 1.45 முதல் 2.40 வரை. இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான்: ஆசிரியர் விளக்குவார், பிள்ளை பொம்மை மாதிரி நிற்கும், அல்லது மனப்பாடம் செய்த நாலு வரியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். பிள்ளையைப் பேசச் சொல்லாதீர்கள், விளையாடச் சொல்லுங்கள். எண் அட்டையைக் கலைத்துப் போட்டு வந்திருக்கும் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு ஆடட்டும், வந்தவர் சொல்லும் சொல்லை எழுத்து அட்டையில் கோக்கட்டும். ஆசிரியர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். மற்ற பள்ளி ஆசிரியர்கள் கற்பித்தல் துணைக்கருவிகளைப் (டி.எல்.எம்.) பார்த்து எடுத்துக்கொள்ளும் இடமும் இதுதான் என்பதால், செய்முறையை அரைத் தாளில் எழுதி 20 நகல் வையுங்கள்.

மேடைக் கணக்கு

எல்லாப் பள்ளி நடனமும் முதலில், எல்லாப் பரிசும் கடைசியில் என்ற வழக்கத்தை விடுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு நடனத்துக்கும் நடுவே மேடை காலியாக நிற்கும், பரிசு நேரத்தில் கூட்டம் கலையும். பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். பள்ளிக்கு 9 நிமிடம்: நடனம் மூன்றரை, ஆறு பிள்ளைக்குப் பரிசு இரண்டு (ஆளுக்கு 20 விநாடி), ஆசிரியர் ஒன்று, பணியாளர் ஒன்று, இறங்கி ஏற ஒன்றரை. இந்தப் பள்ளிக்குப் பரிசு நடக்கும்போதே அடுத்த பள்ளி படியருகே வந்து நின்றுவிட வேண்டும். பத்துப் பள்ளிக்கு 90 நிமிடம்.

20 விநாடிக் கணக்கு நடக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் படியருகே வரிசையைச் சரிபார்க்க, ஒருவர் பரிசையும் சான்றிதழையும் சேர்த்து எடுத்துக்கொடுக்க. பரிசுப் பொருள் பள்ளிவாரியாகப் பத்து அட்டைப்பெட்டியில், கூப்பிடும் வரிசையிலேயே அடுக்கியிருக்க வேண்டும். இடது படியில் ஏறி வலது படியில் இறங்க வேண்டும். ஒரே படி என்றால் கணக்கு இரட்டிப்பாகும்.

தொடக்கத்துக்கு 12 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி; மாநிலப் பாடல் என்று 2021இல் அரசு அறிவித்தது, எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ரெக்கார்டு போடாமல் பிள்ளைகளே பாடட்டும். வரவேற்பு இரண்டு நிமிடம், கல்வி அலுவலர் ஐந்து நிமிடம். மற்ற நாலு வாழ்த்துரையையும் மூன்று மூன்று நிமிடமாக, இரண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது பள்ளிக்குப் பின் ஒன்று என்று வையுங்கள். பேச வேண்டியவர் அதுவரை உட்கார்ந்திருப்பார், பிள்ளைகளையும் பார்ப்பார். நன்றியுரை, நாட்டுப்பண்ணோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். மீதிக் கால் மணி நேரம் தாமதத்துக்கு. கௌரவிப்பு எதுவானாலும் விருந்தினர் வாசலில் நுழையும்போதே முடித்துவிடுங்கள், மேடையில் வேண்டாம்.

அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்பதில் நம் பக்கம் வரும் சண்டை ஊரறிந்தது. அலுவலர்களைப் பதவி வரிசையில் போட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் ‘வாழ்த்துவோர்’ என்ற ஒரே தலைப்பில் அகரவரிசையில் போடுங்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம். எழுத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்க வேண்டியது பள்ளிகளின் பெயர்.

பாட்டு, மேடை, மின்சாரம்

பாட்டுப் பட்டியலை ஜனவரி முதல் வாரத்திலேயே வாங்கி, வரிகளைக் கேட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். இரட்டை அர்த்தப் பாட்டையும் சாதிப் பெருமைப் பாட்டையும் அப்போதே நிறுத்தினால் ஒரு போன்காலில் முடியும்; மேடையில் நிறுத்தினால் ஊர்ப் பிரச்சினையாகிவிடும். ஒயிலாட்டம், கும்மி, சிலம்பம் தெரிந்த பெரியவர் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார், கேட்டால் வந்து சொல்லிக்கொடுப்பார். வாடகை உடை பெரும்பாலும் பெரிய அளவில்தான் வரும். நீளப் பாவாடையை ஊக்குப் போட்டுச் சுருக்கினால் ஆடும்போது குத்தும், கையால் மடித்துத் தைத்துவிடுங்கள்.

எல்லாப் பாட்டையும் ஒரே பென் டிரைவில், 01, 02 என்று வரிசை எண் போட்டு, மூன்றரை நிமிடத்துக்கு வெட்டி வையுங்கள். நகல் இன்னொரு பென் டிரைவில். ஆசிரியரின் போனை புளூடூத்தில் இணைத்தால் நடனத்துக்கு நடுவே அழைப்பு வரும்.

மேடை 20 அடிக்கு 16 அடி, உயரம் இரண்டரை அடி. விபத்து நடப்பது பின்பக்கம்தான். பலகை முடியுமிடமும் பின் திரையும் ஒட்டாமல் இடைவெளி இருக்கும், துணி அதை மறைத்திருக்கும், பின்னால் நகரும் பிள்ளை அப்படியே உள்ளே போய்விடும். பின்புறம் சவுக்குக் கம்பு குறுக்கே கட்டச் சொல்லி, நீங்களே தள்ளிப் பாருங்கள். மைக் ஸ்டாண்டு இரண்டு: பெரியவர்களுக்கு ஒன்று, மூன்றடியில் பிள்ளைகளுக்கு ஒன்று. மின்சாரத்துக்கு வளாகத்து இணைப்பு தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முன்னமே பாருங்கள். இல்லையென்றால் சிறிய ஜெனரேட்டர். கம்பத்தில் கொக்கி போடும் பேச்சே கூடாது.

வண்டி, தண்ணீர், சுண்டல்

சரக்கு ஏற்றும் டாடா ஏஸில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. இதில் ‘ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. பக்கத்துப் பள்ளிகள் ஆசிரியரோடு நடந்து வரட்டும், தூரத்துக்கு வேன் அல்லது மினி பஸ். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் மூன்று நகல்: வண்டியில் வரும் ஆசிரியரிடம், விழா இடத்தில், பள்ளியில். திரும்பும்போது வழியில் இறக்கிவிடாமல், பள்ளி வாசலில் எண்ணி ஒப்படைக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே புகைப்படத்துக்கும் தனியாகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்பவர் பிள்ளைக்குச் சட்டையில் சின்ன நீலப்பொட்டு ஒட்டினால் புகைப்படக்காரருக்குத் தெரியும்.

ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 250 லிட்டர். 20 லிட்டர் கேன் 13 வரும், 15 சொல்லுங்கள். எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை.

சுண்டலுக்குக் காய்ந்த கொண்டைக்கடலை ஆளுக்கு 50 கிராம், 300 பிள்ளைகளுக்கு 15 கிலோ. முதல் நாள் இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை மாற்றி வேகவைத்து, தாளித்த பிறகு அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு அண்டாவில் மூடிவைத்தாலும், தேங்காய்த் துருவல் போட்டாலும் மூன்று மணிக்குள் ஊசிப்போகும். தேங்காயை விட்டுவிடுங்கள்.

கழிப்பறைச் சாவி யாரிடம் என்று முதல் நாளே கேளுங்கள். நாலரை மணிக்குப் பூட்டிவிட்டுப் போவது அந்தப் பள்ளியின் வழக்கமாக இருக்கும்.

முடிந்த பிறகு

வாடகைப் பாத்திரம், உடை, டம்ளர் அன்றே எண்ணித் திரும்ப வேண்டும். சனிக்கிழமை என்று விட்டால் ஒரு நாள் வாடகை கூடும். வரவு செலவை ரசீதுகளோடு ஒரு வாரத்துக்குள் பத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அனுப்புங்கள். பள்ளிக்கு ஒரு குழுப் படம் அச்சிட்டுக் கொடுங்கள்.

விழாவுக்கு வராமல் பள்ளியிலேயே இருந்த பிள்ளைகள், வந்தவர்களைவிட அதிகமாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் ஆறு பிள்ளைகளின் பெயரையும், ஆசிரியர், பணியாளருக்கு எழுதிய வரிகளையும் மறுபடி வாசிக்கட்டும். நடனக் குழுவும் அங்கே ஒருமுறை ஆடட்டும். அதற்கு மைக்கும் வேண்டாம், பத்து நிமிடம் போதும்.